இறுதிப் படுக்கையும் ஆராய்ச்சியும்

சாமராஜநகரிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படும் சாலை ஆசனூர்க் காட்டைக் கடந்து, திம்பத்தில் 27 கொண்டையூசி வளைவுகளாக மலையிறங்கி, பண்ணாரி வழியே சத்தியமங்கலத்தைச் சென்றடைகிறது. மலைக்கு மேலே கன்னடம், மலைக்குக் கீழே தமிழ் என்று நிலப்படம் சொல்லும். மனிதர்கள் அவ்வளவு ஒழுங்காகப் பிரிந்து வாழ்வதில்லை. இம்மாவட்டத்தின் கிழக்குப் பகுதியாகிய கொள்ளேகாலம் வட்டாரம் 1956-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதி வரையில் சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நவம்பர் முதல் நாள் அது மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. அன்றைக்கு வீட்டு வாசலைவிட்டு ஓரடியும் எடுத்து வைக்காமலேயே பிறமாநிலத் தமிழராகிவிட்டவர் பலர். உங்களில் பெரும்பாலோர் இரயிலேறிச் சென்று அடைந்த நிலையை இவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே அடைந்தார்கள். மைசூர் மாவட்டத்தோடு இருந்த இப்பகுதி 1997-ஆம் ஆண்டில் சாமராஜநகர் என்னும் தனி மாவட்டமாயிற்று.

இந்த ஊர்களில் தீராத நோயோடு படுத்திருப்பவர்களின் வீடுகளுக்கு நாங்கள் சிலர் சென்று வருகிறோம். புண்ணைக் கழுவிக் கட்டுவதும், மருந்து வேளைக்கு உள்ளே போகிறதா என்று பார்ப்பதும், வீட்டாரோடு சற்றுப் பேசியிருப்பதுமே பெரும்பாலும் எங்கள் வேலை. ஒரு சமயம் இவற்றோடு கேள்வித்தாள் ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டு போக நேர்ந்தது. அதனால் எழுந்த சிந்தனைகளையே இன்று சொல்ல விரும்புகிறோம். சாவை நெருங்கியிருக்கும் நோயாளரிடம் ஆராய்ச்சி செய்யலாமா, செய்யலாமெனில் எவ்வாறு செய்வது என்பதே பேச்சின் பொருள்.

கேட்டவுடன் மனம் சுளிப்பது இயல்பு. உயிர் ஊசலாடும் ஒருவரிடம் போய், உமது வலி எத்தகையது, உறக்கம் எப்படி, மனத்தில் என்ன கவலை என்று கேட்டு எழுதிக்கொள்வதா? ஊரார் அதைப் பாவம் என்பர். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆயினும், அந்த நோயாளருக்கு நாங்கள் கொண்டுபோகும் மருந்தின் வரலாற்றைச் சற்றே கிளறிப் பார்த்தபோது எங்கள் எண்ணம் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை.

இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் இருந்தார். முதலில் தாதி, பின்னர் மருத்துவமனையில் சமூக ஊழியர், அதன்பின் நாற்பது வயதை எட்டும் தறுவாயில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1958-ஆம் ஆண்டு முதல் இலண்டனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய புனித ஜோசப் இல்லத்தில், புற்றுநோய் முற்றி இறந்துகொண்டிருந்தவர்களை அருகிருந்து கவனித்து ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பெழுதினார். சிலருடைய பேச்சை ஒலிப்பதிவுக் கருவியிலும் பதிந்துவைத்தார். அக்காலத்தில் வலி தாங்க முடியாமல் நோயாளி கதறிய பிறகே மார்ஃபின் கொடுப்பது வழக்கம். அடிக்கடி கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்ற அச்சம். அம்மையார் குறித்துவைத்த நூற்றுக்கணக்கான நோயாளரின் வரலாறு வேறு விதமாகச் சொல்லிற்று. வலி திரும்பி வருமுன்பே, கடிகாரத்தைப் பார்த்து, வாய் வழியாகவே அளவாகக் கொடுத்து வந்தால், நோயாளி தெளிந்த அறிவோடு பேசிக்கொண்டும் உண்டுகொண்டும் இருக்கிறார். இன்று இந்த மலையடிவாரத்துக் குடிசையில் நான்கு மணிக்கொரு முறை ஒரு வில்லை என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கும் கணக்கு அந்தக் குறிப்புப் புத்தகங்களிலிருந்து வந்தது. அவற்றுக்கு விடை தந்தவர்கள் எல்லாரும் இறந்துகொண்டிருந்தவர்கள்.

அவர் 1967-ல் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லத்திலே ராபர்ட் ட்வைகிராஸ் என்னும் மருத்துவர் மேலும் ஒரு சோதனை செய்தார். மார்ஃபினைவிட ஹெராயினே சிறந்தது என்று ஆங்கில மருத்துவரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க 699 நோயாளரைச் சேர்த்தார். சுமார் இரண்டு வாரம் ஒரு மருந்து, பின் மற்றது. மருந்து மாறும் நாள் வரை வந்து சேர்ந்தவர்கள் 146 பேரே. மற்றவர்களில் சிலர் மேலும் தளர்ந்தனர்; பலர் இறந்தனர். 1977-ல் வெளிவந்த முடிவு, வேளை தவறாமல் கொடுத்தால் மார்ஃபினே போதும் என்பது. ஹெராயினை மருந்தாகக்கூட அனுமதியாத நம் நாட்டைப் போன்ற நாடுகளுக்கு அது எத்தகைய நற்செய்தி என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த 699, 146 என்னும் எண்களைப் பார்க்கும்போது, இத்துறை ஆராய்ச்சியின் கடினம் முழுவதும் அங்கேயே கிடக்கிறது என்று எங்களுக்குத் தோன்றும். வேறு ஆராய்ச்சிகளில் பாதியில் விலகுபவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்கலாம். இங்கே தேடிப் போனால் வாசலில் பந்தல் போட்டிருக்கும்.

(இங்கு ஒரு வருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். மருந்துக்காக அபினைச் சட்டப்படி விளைவித்து வெளிநாடுகளுக்கும் அனுப்பும் நாடு நம்முடையது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின், உரிமங்களின் தொல்லையால், மருத்துவத்துக்காக இங்கே செலவான மார்ஃபின் படிப்படியாகக் குறைந்து 1997-ல் வெறும் 18 கிலோகிராம் ஆயிற்று. இத்தனை கோடி மக்களுக்கு 18 கிலோ. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. நிலைமை முன்னிலும் மேல். போதுமானது என்று சொல்வதற்கில்லை. ஆராய்ச்சி தந்த பயனை அலமாரியில் பூட்டிவைப்பதும் ஒருவகைக் கொடுமையே.)

இன்னோர் எடுத்துக்காட்டுச் சொல்கிறோம். மூச்சுத் திணறும் நோயாளிக்குப் பிராணவாயுக் குழாயை மூக்கில் பொருத்துவது வழக்கம். சாமராஜநகரத்தாரிடம் பிராணவாயு என்னும் சொல்லை இலேசாக உச்சரிக்க முடியாது. 2021-ஆம் ஆண்டு மே மாதம் 2, 3 தேதிகளில், கொரோனா உச்சத்தில் இருந்தபோது, இவ்வூர் மாவட்ட மருத்துவமனையில் பிராணவாயுத் தட்டுப்பாட்டினிடையே நோயாளர் மாண்ட செய்தியை நாடே அறியும். அவர்களுடைய இரத்தத்தில் பிராணவாயு குறைந்திருந்தது. அது கிடைப்பதும் கிடையாததும் உயிர் பிழைப்பதும் பிழையாததுமாக இருந்தது. நாங்கள் சொல்ல வந்தது வேறு. இரத்தத்தில் பிராணவாயு பெரிதும் குறையாமலேயே மூச்சு முட்டித் தவிக்கும் இறுதி நோயாளர் உண்டு. அவர்களுக்கும் அக்குழாய் பயன்படுமா? ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளில் 239 பேரிடம் ஆராய்ந்தனர். ஒரு பகுதியினருக்குக் குழாய் வழியே பிராணவாயு; மற்றவருக்கு அதே குழாய் வழியே சாதாரண அறைக்காற்று. எது எவருக்கு என்று அவர்களுக்கும் தெரியாது, பார்த்துக்கொள்பவர்களுக்கும் தெரியாது. ஏழு நாள் கழித்துப் பார்த்தால் இரு சாராருக்கும் ஒரே அளவு ஆறுதல்தான். 2010-ல் இது வெளிவந்தது. இறப்பவரின் மூக்கில் வெறுங்காற்றைச் செலுத்தி ஏமாற்றினார்களா என்று கேட்கத் தோன்றும். ஏமாற்றவில்லை. இரண்டில் எதுவேனும் வரலாம் என்று முன்னரே சொல்லி, ஒப்புக்கொண்டவரையே சேர்த்தனர். அதன் பயனாக, கடன் வாங்கிச் சிலிண்டர் வாடகைக்கு எடுக்கும் ஒரு குடும்பத்தை நிறுத்தி, மருத்துவரைக் கேட்டு இரத்தத்தை அளந்து பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறவுங்கள், முகத்தின் மீது விசிறி வையுங்கள் என்று சொல்ல முடிகிறது.

அதே 2010-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் வியப்பானது. நுரையீரல் புற்றுநோய் உடலெங்கும் பரவியிருப்பதாக அப்பொழுதுதான் அறியப்பட்ட 151 பேரில், தொடக்கத்திலிருந்தே ஆதரவு மருத்துவமும் பெற்றவர்கள், இறுதியில் கடும் சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றும், மற்றவர்களைவிட நெடுநாள் இருந்தார்கள். 8.9 மாதமும் 11.6 மாதமும் என்பது கணக்கு. ஆதரவு மருத்துவம் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள்கொள்ளும் நம் வீட்டாருக்கு இதைவிட நல்ல மறுமொழி எங்களிடம் இல்லை.

ஆகவே, கேட்கவே கூடாது என்று சொல்ல எங்களுக்கு வாயில்லை. கேட்டவர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்று சொல்லவும் வாயில்லை.

1963-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில், யூத நாட்பட்ட நோய் மருத்துவமனை என்ற பெயர் கொண்ட இடத்தில், முதுமையாலும் நோயாலும் நலிந்து கிடந்த 22 பேருக்குத் தோலின் கீழ் உயிருள்ள புற்றுநோய் அணுக்களை ஊசி மூலம் ஏற்றினார்கள். உடல் அவற்றை எவ்வளவு விரைவில் தள்ளுகிறது என்று பார்ப்பது நோக்கம். அதை வகுத்த செஸ்டர் சௌதம் பெரிய ஆராய்ச்சியாளர். உம் உடலின் எதிர்ப்புச் சக்தியைப் பார்க்கப் போகிறோம் என்று நோயாளரிடம் சொன்னார்கள். புற்றுநோய் என்னும் சொல்லைச் சொல்லவில்லை. சொன்னால் வீணாகப் பயப்படுவார்கள் என்பது அவர்கள் தந்த சமாதானம். அம்மருத்துவமனையின் இளம் டாக்டர்கள் மூவர் இதற்கு உடன்பட மறுத்து வேலையைவிட்டு விலகினர். பின்னர் நியூயார்க் மாநிலத்தார் விசாரித்து, சௌதமும் அம்மருத்துவமனையின் தலைமை மருத்துவரும் குற்றவாளிகள் என்று கண்டு, தண்டனையை நிறுத்திவைத்துக் கண்காணிப்பில் விட்டனர். சில ஆண்டுகளுக்குள் சௌதம் அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கத்தின் தலைவரானார்! மறுத்த மூவரின் பெயரை நாங்களும் புத்தகம் புரட்டித்தான் அறிந்தோம்.

அமெரிக்காவோடு இது நிற்கவில்லை. திருவனந்தபுரத்து வட்டாரப் புற்றுநோய் மையத்தில் 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் வாய்ப்புற்று நோயாளர் இருபதுக்கும் மேற்பட்டோரிடம் புதிய மருந்தொன்று சோதிக்கப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவர் அதில் கூட்டு. அங்குள்ள டாக்டர் ஒருவரே குரலெழுப்ப, 2001-ல் செய்தி உலகெங்கும் பரவியது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் தானே விசாரித்து, தன் பேராசிரியை முறையான அனுமதி பெறவில்லை என்று ஒப்புக்கொண்டது. அந்நோயாளர் எல்லாரும் இறுதிக் கட்டத்தினர் அல்லர். எனினும், பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர், கையெழுத்துக் கேட்கிறார், போடாவிட்டால் சிகிச்சை நின்றுவிடுமோ என்ற அச்சம் எவரிடம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அது காட்டிவிட்டது.

இத்தகையவற்றைத் தடுக்க விதிகளும் உண்டு. உலக மருத்துவச் சங்கம் 1964-ல் ஹெல்சிங்கியில் செய்த பிரகடனம் பலமுறை திருத்தப்பட்டு, கடைசியாக 2024-ல் அதே நகரத்தில் புதுப்பிக்கப்பட்டது; ஆராய்ச்சிக்கு உட்படுவோர் என்னும் சொல் போய், பங்கேற்போர் என்னும் சொல் வந்தது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் இறுதிக் கட்ட நோயாளரை எளிதில் பாதிப்புக்குள்ளாகும் பிரிவினருள் ஒருவராகப் பெயர் சொல்லிச் சேர்த்துள்ளன. காரணமும் கூறுகின்றன. எல்லா மருந்தும் ஓய்ந்துவிட்ட நிலையில் எந்தப் புதிய முறையைக் காட்டினாலும் அதில் நம்பிக்கை வைத்து ஒப்புக்கொண்டுவிடுவார்கள். ஆராய்ச்சியைச் சிகிச்சை என்று எண்ணிவிடுவார்கள். ஆதலால் நெறிமுறைக் குழு மிகுந்த கவனத்தோடு ஆராய வேண்டும் என்பது அதன் கருத்து. அக்குழுவின் தலைவர் அந்நிறுவனத்துக்கு வெளியிலுள்ளவராக இருத்தல் வேண்டும். சட்டம் அறிந்தவர் ஒருவரும், மருத்துவமே அறியாத பொதுமனிதர் ஒருவரும் அதில் இடம்பெற வேண்டும். எங்கள் அனுபவத்தில் இந்தப் பொதுமனிதர் கேட்கும் கேள்வியே மிகக் கூரியது. “இவ்வளவு பக்கத்தையும் அந்த அம்மாள் எப்பொழுது படித்து முடிப்பார்?” என்று கேட்டவர் அவர்தான்.

மற்றொரு விஷயத்தையும் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். கண்ணியமாக இறக்கும் உரிமையைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ஆம் தேதி தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. அத்தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கர்நாடக அரசாங்கம் 2025 ஜனவரி இறுதியில் சுற்றறிக்கை விடுத்தது. பயனற்ற உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவது பற்றியது அது. மருத்துவர்கள் அடங்கிய இரு குழுக்கள் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆராய்ச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் எங்கள் கையில் ஒரு தாளைக் கண்டவுடன், “மூச்சுக் குழாயை எடுத்துவிட எழுதி வாங்குகிறார்கள்” என்று ஒரு தெருவே பேசிய நாளும் உண்டு.

விதிகள் இருக்கட்டும். விதிகள் எழுதுவோர் முழுதும் கண்டிராத சங்கடம் ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. நோயாளிக்குத் தம் நோய் இன்னதென்றே சொல்லப்படுவதில்லை. மகனுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், அடுத்த வீட்டாருக்கும் தெரியும். படுத்திருப்பவருக்கு மட்டும் ‘வயிற்றில் புண்’. அன்பினால்தான் மறைக்கிறார்கள், அதைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் தம் நோயே அறியாத ஒருவர் அந்நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கு எவ்வாறு அறிந்து சம்மதம் தருவார்? நாம் சொல்லி உடைப்பதா? அது எங்கள் உரிமை அன்று. சொல்லாமல் கையெழுத்து வாங்குவதா? புரூக்ளினில் செய்தது அதுவே. அப்படியாயின் விட்டுவிடுவதா? விட்டுவிட்டால், நோயை அறிந்த சிலரிடம் மட்டும் கேட்டு, அறியாத பலருடைய வலியைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே போகும். சிகாகோவில் எலிசபெத் குப்ளர்-ராஸ் அம்மையார் 1965-ல் இறப்போரிடம் பேச விரும்பி வார்டு வார்டாகக் கேட்டபோது, எங்களிடம் இறக்கும் நோயாளி எவரும் இல்லை என்றே டாக்டர்கள் சொன்னார்களாம். அங்கே கதவை மறித்து நின்றவர்கள் டாக்டர்கள், இங்கே பிள்ளைகள்.

நடுவழி ஒன்றைப் பலரும் கையாளுகிறார்கள், நாங்களும் கையாண்டோம். நோயின் பெயரைக் கேள்வியில் வைப்பதில்லை. வலி, உறக்கம், பசி, மனக்கவலை இவற்றை மட்டும் கேட்பது. உமக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்று நோயாளியிடமே கேட்டு, அவர் நிற்கும் இடத்தில் நிற்பது. இது நேர்மையா, தந்திரமா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் வாதம் ஓயவில்லை.

எங்களுக்கு நேர்ந்ததை இப்பொழுது சொல்லலாம். கொள்ளேகாலத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர். ஒரு மூதாட்டி, வயது எழுபதுக்கு மேல், தமிழே வீட்டு மொழி. கன்னடத்தில் சந்தைக்குப் போய் வருவார், சண்டையும் போடுவார். ஆனால் உடம்பு தளரத் தளரக் கன்னடம் அவரை விட்டுக் கழன்றுகொண்டே வந்தது. இறுதியில் தாய்மொழி ஒன்றே எஞ்சுவதைப் பல படுக்கைகளில் கண்டிருக்கிறோம். பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் பெற்றோரை வைத்துக் காப்பாற்றும் நேயர்கள் இதை எங்களைவிட நன்கு அறிவார்கள். எங்களுக்குத் தரப்பட்ட படிவம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் மட்டும் இருந்தது, பதினொரு பக்கம். அதை வகுத்த நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. கன்னடத்தில் ஆராய்ச்சிக்கு ‘சம்சோதனெ’ என்று பெயர். எங்களில் ஒருவர் அதை வாசிக்கத் தொடங்கினார். மூதாட்டியின் காதில் ‘சோதனை’ என்று மட்டும் விழுந்தது.

“சோதனையா? ஏங்கண்ணு, இன்னும் என்ன சோதனை பாக்கி இருக்குது எனக்கு?” என்று கேட்டார்.

கடவுள் செய்யும் சோதனை என்று நினைத்தாரோ, இரத்தச் சோதனை என்று நினைத்தாரோ, தெரியவில்லை. கதவோரம் நின்ற மகன், அம்மாவின் கண்ணுக்குப் படாமல், ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று கையைக் காட்டினார். பிறகு வெளியே அழைத்து, “நான் போட்டுத் தர்றேன், எங்கே கையெழுத்து?” என்றார். தறியில் உழைக்கும் மனிதர். அரைநாள் கூலியை விட்டுவிட்டு எங்களுக்காக நின்றார். சுயநினைவோடு பேசும் ஒருவருக்காக வேறொருவர் சம்மதிக்க முடியாது என்று விளக்கினோம். அவருக்கு அது விளங்கவில்லை. அம்மாவுக்கு மாத்திரை வாங்கவும், ஆஸ்பத்திரியில் சேர்க்கவும் அவர்தானே இதுவரை கையெழுத்துப் போட்டு வந்தார்? அன்று ஒன்றும் எழுதாமல் திரும்பினோம்.

பங்கேற்பவர் அறிந்த மொழியில் படிவம் இருத்தல் வேண்டும் என்பது நெறிமுறை. பெயர்த்து, பெயர்த்ததை வேறொருவர் மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்து, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக் குழு ஒப்புதல் தர வேண்டும். கேட்டு வாங்கப் பதினெட்டு நாள் ஆயிற்று. மற்றவர்களுக்குப் பதினெட்டு நாள் ஒன்றும் பெரிதில்லை. நேயர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த ஊர் மருத்துவமனையில் இருந்தாலும், இத்தகைய படிவம் வந்தால் தமிழில் கேளுங்கள். இல்லையென்பார்கள், மீண்டும் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராயின், ஆராய்ச்சியோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக இருந்து, முழுதும் வாசித்துக் காட்டப்பட்டதைக் கண்டு கையொப்பமிட வேண்டும். படிவத்தின் படி ஒன்று உங்களிடம் தரப்பட வேண்டும். எப்பொழுது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். விலகினால் சிகிச்சை குறையாது.

இரண்டாம் முறை சென்றபோது அவர் மிகவும் மெலிந்திருந்தார். தமிழில் சுருக்கிய தாளை வாசித்தோம். ‘ஆராய்ச்சி’ என்னும் சொல்லையும் விட்டுவிட்டு, உங்களைப் போன்றவர்களுக்கு எங்கே, எப்பொழுது, எவ்வளவு வலிக்கிறது என்று பலரிடம் கேட்டு எழுதுகிறோம், பிடித்தால் சொல்லுங்கள், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்றோம். பக்கத்து வீட்டு அம்மாள் சாட்சி. கைநாட்டு வைத்தார். மகன் தறிக்குப் போயிருந்த நேரம் அது.

வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரை எண்ணாகச் சொல்லச் சொல்வது உலக வழக்கு. பத்துக்கு எத்தனை என்றால் அவருக்கு விளங்கவில்லை. எங்களோடு வந்த தாதி, ஒரு ரூபாய் முழுவலி என்றால் இப்பொழுது எத்தனை அணா என்று கேட்டார். அணா போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் கிழவியின் கணக்கில் அது இருந்தது. “பன்னிரண்டணா,” என்றார் உடனே. இரவில்? “இராத்திரி ரூபாய் முழுசும்.” ஏன் மகனிடம் சொல்லவில்லை என்றோம். “அவன் கடன் வாங்குவான்,” என்றார்.

இதை எழுதிக்கொண்டு எழுந்து வந்துவிடலாமா? நாங்கள் கேள்வி கேட்க வந்தவர்கள். மருந்தை மாற்றினால் ஆராய்ச்சியின் முடிவு மாறும் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்லும் ஆராய்ச்சிக்கு ஒரு வீட்டின் படியையும் நாங்கள் ஏற மாட்டோம். வலி இன்ன அளவுக்கு மேல் என்று தெரிந்தால் அன்றே மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே திட்டத்தில் எழுதி வாங்கியிருந்தோம். அறிவித்தோம், மாத்திரையின் அளவு கூடிற்று, கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. புறப்படும்போது மூதாட்டி எங்களில் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு, தம் நோயின் பெயரைத் தாமே சொன்னார். ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் இருந்தவள் சொல்லிவிட்டாளாம். ஆறு மாதமாகத் தெரியுமாம். “எம்மவன்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. தாங்க மாட்டான்,” என்றார்.

மூன்றாம் முறை போனபோது காரியம் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. மகன் மோர் கொடுத்தார். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அம்மா அந்தத் தாளில் என்ன சொன்னார் என்று காட்ட முடியுமா என்று கேட்டார். பங்கேற்றவர் இறந்த பின்னும் அவர் சொன்னவற்றை மறைவாகவே காக்க வேண்டும், அதுவும் நெறிமுறைதான். காட்ட இயலாது என்றோம்.

“அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்கள்.”

அதையும் சொல்ல இயலாது என்றோம். அவர் கோபிக்கவில்லை. அப்படியானால் கேள்விகளை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள் என்றார். வெற்றுப் படிவத்தை எடுத்துத் தமிழில் ஒவ்வொன்றாக வாசித்தோம். ஒவ்வொரு கேள்விக்கும், அம்மா இன்னது சொல்லியிருப்பார் என்று அவரே விடை சொல்லிக்கொண்டு வந்தார். உறக்கம் நன்றாக வந்தது என்றார். பசி இல்லை என்றார். வலி எவ்வளவு என்னும் கேள்வி வந்தது. ஒரு ரூபாய்க்குக் கணக்கு என்று தாதி விளக்கினார்.

சற்று யோசித்து, “ஒரு நாலணா இருக்கும்,” என்றார்.

தாளை மடித்து வைத்துக்கொண்டு, மோர் குடித்த செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டுப் புறப்பட்டோம்.